புது அரிசி

செம்மண்டலம் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர் அன்பர்கள் ஏதோ பழைய ராஜ்யத்தின் பெயர் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பெருமை எங்களுக்குக் கிடையாது. கடலூரில், நெல்லிக்குப்பம் பஸ் போகிற வழியில், வாடகை வீடும் சொந்த வீடுமாகக் கலந்து கிடக்கும் ஒரு பகுதி, அவ்வளவுதான். இங்கே உள்ள விசேஷம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மின்சாரம் நின்றதும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் எழும்பும் "அடடா!" என்ற சப்தத்தைச் சொல்லலாம். அந்த "அடடா"வில் என் குரலும் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு மின்விசிறி இல்லாவிட்டால் கற்பனை ஓடாது.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் எங்கள் தலையில் இறங்கியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அந்தத் துயரத்தின் நடுவில் நாங்கள் நினைத்தது என்னவோ மின்சாரத்தைத்தான். எங்கள் தெருவுக்கு அது திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. குழாயில் தண்ணீர் இல்லை, மாவு அரைக்க வழியில்லை, டெலிபோனுக்கு உயிரில்லை. பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு எரிந்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா விளக்கைக் கை காட்டி, "யார் தயவு?" என்று கேட்டார்.

அவர் கேட்கலாம். சித்தப்பா நெய்வேலியில் வேலை பார்த்தவர்.

எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் கண்ணால் பார்த்தவர் அவர்தான். என் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. அதுவரைக்கும் கட்டணம் கட்டியது அந்தச் சம்பளம். பரீட்சை முடிந்ததும் என்னை நெய்வேலிக்கு அனுப்பிவிடுவார்கள். அகலமான சாலை, இரு பக்கமும் மரம், வட்டம் வட்டமாகப் பிரித்து எண் போட்ட வீடுகள், பூங்கா, ஆஸ்பத்திரி. எங்கள் ஊர்ச் சந்துகளிலிருந்து போன பையனுக்கு அது இந்திர லோகமாக இருந்தது. ஒரு தடவை சித்தப்பா சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கீழே, ராட்டினம் போன்ற ஒரு சக்கரம், சுற்றிலும் வாளிகளைக் கட்டிக்கொண்டு, மெதுவாக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் எறும்பு மாதிரி தெரிந்தார். "இதெல்லாம் ஜெர்மன்காரன் யந்திரம்" என்றார் சித்தப்பா, தாமே செய்து கொண்டுவந்தது போல.

நெய்வேலியின் கதை எங்கள் ஜில்லாக்காரர்களுக்குப் பாட்டி கதை மாதிரி. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதை அவர் அலட்சியமாக விட்டுவிடாமல் சர்க்காருக்குத் தெரிவித்தார். பிற்பாடு அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலமும் கொடுத்தார் என்பார்கள். காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது வேலை வேகம் பிடித்தது. 1956-இல் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது. அந்த முதல் அனல் மின் நிலையம் ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்ந்து, 2020-இல் மூடப்பட்டது. அதை மூடிய செய்தி வந்த அன்று சித்தப்பா சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னாள்.

அவர் வேலை பார்த்தது நிலத்தடி நீரை வெளியேற்றும் பகுதியில். இது கொஞ்சம் விசித்திரமான விஷயம்; அதனால் சற்று விஸ்தாரமாகச் சொல்கிறேன். நெய்வேலி நிலக்கரி பாறை மேல் படுத்திருக்கவில்லை. தண்ணீர் மேல் படுத்திருக்கிறது. அடியில் உள்ள மணலில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேல் மண்ணை எடுத்து எடை குறைந்துவிட்டால், கீழே இருக்கும் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே இரவு பகல் பாராமல் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் குழாய் இறக்கினால் போதும், மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழியும். வயதானவர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது பால் பொங்கியதைப் போலச் சொல்வார்கள். இப்போது அதே ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு போட நூற்றுக்கணக்கான அடிகள் போக வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிடும். "நாங்க இறைச்ச தண்ணியை என்ன வீட்டுக்கா எடுத்துக்கிட்டுப் போனோம்? வாலாஜா ஏரிக்குத்தானே விட்டோம்? அதுல எத்தனை பேர் நட்டாங்க?" என்பார். அதுவும் வாஸ்தவம்.

சில வருஷங்களுக்கு முன் என்னை நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எழுத்தாளர்களை மேடையேற்றிக் கௌரவிப்பது அங்கே நல்ல வழக்கம். சால்வை தோளில் விழுந்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வீசினேன். "இந்த மண்ணுக்கு அடியில் இருட்டு கிடந்தது, அதைத் தோண்டி எடுத்து வெளிச்சமாக்கினீர்கள்!" நல்ல கைதட்டல். முன் வரிசையில் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மேடையருகே வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் என் நாவல் ஒன்று. வாரப் பத்திரிகைக் கதைகளைத் தொடர்ந்து படிக்கிறவராம். கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு, ரொம்பவும் பணிவாக, "நல்லாப் பேசினீங்க சார். எங்க தாத்தாவோட ஊரு இந்தப் பக்கந்தான் எங்கேயோ இருந்திச்சு. எங்க அப்பா அங்கதான் பொறந்தாரு. அங்க இருட்டா எல்லாம் இல்லைங்க" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. சிரித்திருப்பேன்.

அவருடைய ஊர் அப்போது சேத்தியாத்தோப்புப் பக்கம். தாத்தா காலத்தில் ஓர் இடத்தை விட்டு வந்து வேறோர் இடத்தில் வேர் பிடித்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது இடமும் சுரங்க விஸ்தரிப்புக்காக எடுக்கப்பட்டு, பணமும் கைக்கு வந்தாயிற்று. ஆனால் யந்திரம் வரவில்லை. வரும் வரையில் உழுதுகொண்டிருப்போம் என்று உழுதுகொண்டிருந்தார்கள். அவ்வப்போது டெலிபோனில் என் கதைகளைப் பற்றிப் பேசுவார். பாராட்டுவதைவிடக் குறை சொல்வது அதிகம். என் கதையில் வந்த விவசாயி ஆனி மாதத்தில் சம்பா அறுத்துவிட்டான் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தத் தவற்றைப் பத்திரிகை ஆசிரியரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

2023 ஜூலை 26-ஆம் தேதி காலையில் சித்தப்பாவும் நானும் டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். வளையமாதேவியில் பச்சை வயலுக்குள் பொக்லைன்கள் வரிசையாக இறங்கியிருந்தன. சுற்றிலும் போலீஸார். பரவனாற்றைத் திருப்பிவிட ஒரு கால்வாய் தோண்ட வேண்டும். அந்தக் கால்வாயின் பாதையில் நெல் நின்றுகொண்டிருந்தது. கதிர் விடும் பருவம். பொக்லைன் கை ஒரு தடவை விழுந்து எழுந்தால் நாற்றும் சேறும் ஒன்றாக வந்தது.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. சித்தி மட்டும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஐயய்யோ, பயிருங்க!" என்றாள். எங்கள் சித்தி ஜன்மத்தில் வயலில் இறங்கியவள் அல்ல. இருந்தாலும் அந்தச் சொல் அவள் வாயில்தான் முதலில் வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. 28-ஆம் தேதி பாட்டாளி மக்கள் கட்சியினர் நெய்வேலியில் முற்றுகைப் போராட்டம் நடத்தினார்கள். அன்புமணி ராமதாஸ் கைதானார். கல் பறந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, போலீஸார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பயிரை அழிக்கும் காட்சியைப் பார்த்துத் தமக்கே கண்ணீர் வந்ததென்றும், இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்றும் நீதிபதி தண்டபாணி கேட்டார். அந்த வாரம் பூராவும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வடலூர் வள்ளலாரின் அந்த வரி நடமாடியது. வடலூர் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் சங்கடம். சொல்லிய பலரும், என்னைப் போலவே, விசிறியின் கீழ் உட்கார்ந்து சொன்னவர்கள்.

மூன்றாம் நாள் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"நிலம் 2006-லேருந்து 2013-க்குள்ள எடுத்ததுன்னு கம்பெனி சொல்லுது. பணம் கொடுத்தாச்சு. அப்புறம் எதுக்குடா நடணும்?"

"சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா, சித்தப்பா?"

"சரி. ஐப்பசி மழை வந்துட்டா என்ன ஆகும் தெரியுமா? ஆத்தைத் திருப்பாம விட்டா வெள்ளம் சுரங்கத்துக்குள்ள இறங்கும். உள்ள ஆள் இருப்பான். நீ புயல்ல பதினஞ்சு நாளு இருட்டுல உட்கார்ந்தியே, அது ஞாபகம் இருக்கா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கதையில் இப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரு மழையை வரவழைத்து அத்தியாயத்தை முடித்துவிடுவேன். மழையே வாதமாக வந்து நிற்கும்போது என்ன செய்வது?

நிலக்கரி கோடிக்கணக்கான வருஷமாக அடியில் காத்திருந்தது. இரண்டு மாதம் காத்திருக்காதா என்று நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அழகான வாக்கியம். புத்தகக் கண்காட்சியில் வீசிய வாக்கியத்தைப் போலவே அழகானது. அதனால் அதன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நிலக்கரி காத்திருக்கும், பருவ மழை காத்திருக்காது. பயிரும் காத்திருக்காது. இரண்டும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வயலுக்கு வந்து சேர்ந்துவிட்டன. இரண்டு மாதத்துக்கு முன்பே, நடவுக்கு முன்பே, யாராவது ஒருவர் வரப்பில் வந்து உட்கார்ந்து பேசி முடித்திருக்கலாமே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அதே வருஷம் ஜனவரியில் ஜெர்மனியில் லுட்ஸராத் என்ற சிற்றூரைப் போலீஸார் காலி செய்தார்கள். அங்கேயும் அடியில் இருந்தது பழுப்பு நிலக்கரிதான். நான் சின்ன வயசில் பார்த்த வாளிச் சக்கரத்தின் அண்ணன் தம்பிகள் அந்த ஊரின் எல்லையில் வந்து நின்றன. ஆனால் ஊர்க்காரர்கள் முன்பே வீடு வாசலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலி வீடுகளிலும் மரங்களிலும் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள், உலகம் சூடாகிறது என்பதற்காகப் போராட வந்த இளைஞர்கள். அவர்களுடைய கவலை பெரியது, நியாயமானதும்கூட. வளையமாதேவிக்காரர்களின் கவலை அந்த அளவுக்குப் பெரியதல்ல. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு அறுவடை. அவர்களைப் பார்த்து, "நீங்கள் முன்னேற்றத்துக்கு விரோதிகளா?" என்று டெலிவிஷனில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேள்வி அது? நிலத்துக்குப் பதில் வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை கொடு என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். முன்னேற்றத்தின் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவனை அதற்கு விரோதி என்று எப்படிச் சொல்வது?

சர்க்காரின் நிலையும் தர்மசங்கடம்தான். அதே 2023 ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே புதிய நிலக்கரிப் பகுதி ஒன்றை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாடு அரசு கடுமையாக எதிர்த்தது; அந்தப் பகுதியும் டெல்டாவைச் சேர்ந்த வேறு இரண்டும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. ஜூலையில் பொக்லைனுக்குக் காவல் நின்றதும் அதே அரசின் போலீஸார்தான். இதை இரட்டை நாக்கு என்று திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. என் வீட்டிலேயே இரண்டு நாக்குகள் இருந்தன, இரண்டும் என்னுடையவை.

ஆகஸ்டு பிறந்ததும் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் செப்டம்பர் 15-க்குள் அறுவடையை முடித்துக்கொண்டு நிலத்தை ஒப்படைத்துவிட வேண்டும்.

அன்று ராத்திரி என் வாசகர் டெலிபோனில் கூப்பிட்டார். "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க சார். இனிமே பாக்க முடியாது."

வடலூர் போய், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண் குன்றுகள். நான் சிறுவனாக இருந்தபோது அவற்றை நிஜமான மலை என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் "எங்கள் ஜில்லாவில் மலை உண்டு" என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் அவர் காத்திருந்தார். அவருடைய வயலுக்குக் கால்வாய் வரவில்லை. சற்றுத் தள்ளிப் போயிருந்தது. வெட்டிய மண் ஒரு கரையாகக் குவிந்திருக்க, அதற்கு இந்தப் பக்கம் நெல் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "நிலத்துக்குக் கொடுத்த பணம் போதுமானதாக இருந்ததா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தோன்றியது.

"பணம் வந்திச்சு சார். பொண்ணு கல்யாணம் ஆச்சு. தம்பி பாகம் போச்சு. மாடிக்குத் தளம் போட்டேன். பணம் வரலேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." வரப்பிலிருந்து ஒரு கதிரைப் பறித்து, இரண்டு மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பால் வந்தது. "நிலம் அவங்களுது. கையெழுத்துப் போட்டிருக்கேன். நெல்லு என்னுது சார். அதுக்கு நான் கையெழுத்துப் போடல."

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. வக்கீல் ஒருவர் எழுந்து ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கட்டும்.

திரும்பி வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சம்பந்தமில்லாமல், "ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னாங்க. முப்பது வருஷம் இருந்த வீடு. பின்பக்கம் ஒரு எலுமிச்சை வச்சிருந்தேன். காய்ச்சிக்கிட்டிருந்தது. காய் பழுக்கட்டும்னு ஒரு மாசம் தள்ளிக் கேக்கலாமான்னு நெனச்சேன். கேக்கல" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த எலுமிச்சையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசகர் செம்மண்டலத்துக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தோளில் ஒரு பை. இருபது கிலோ இருக்கும். அறுத்து, அடித்து, அரைத்துக் கொண்டு வந்துவிட்டார். "கடைசி போகம். உங்களுக்கு ஒரு வாய் இருக்கட்டும்" என்று கூடத்தில் வைத்தார். நான் விலை கேட்க வாயெடுத்து, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டேன்.

அன்று சித்தப்பாவும் வந்திருந்தார். இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தேன். எனக்கு உள்ளூறப் பயம். "வாங்க, உட்காருங்க" என்றார் சித்தப்பா. நெய்வேலியில் எந்த வட்டம், எந்த வருஷம் ரிடையர் என்று அவர் கேட்க, எத்தனை ஏக்கர், என்ன ரகம் என்று இவர் கேட்க, பேச்சு எப்படியோ அந்தக் காலத்துப் பொங்கு குழாய்களில் போய் நின்றது. தம் தாத்தா வீட்டு வாசலில் அப்படி ஒரு குழாய் இருந்ததென்றும், அதற்கு மூடி போட முடியாதென்றும் அவர் சொன்னார். சித்தப்பா, "போட முடியாது, போட முடியாது. அழுத்தம் அப்படி" என்று உற்சாகமாகத் தலையாட்டினார். வாழ்நாள் பூராவும் அந்த அழுத்தத்தோடு மல்லுக்கு நின்றவர் அல்லவா!

"பையன் என்ன பண்றான்?" என்று சித்தப்பா கேட்டார்.

"நெய்வேலியிலதாங்க. சுரங்கத்துல. காண்ட்ராக்ட்டு ஆளா போயிட்டு வர்றான். நிரந்தரம் ஆகல."

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். "நான் யாரையாவது கேட்டுப் பாக்கறேன்" என்றார். அவர் ஓய்வு பெற்றுப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்தவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "கேளுங்கய்யா" என்றார் மரியாதையாக.

என் மனைவி அந்த அரிசியிலேயே உலை வைத்தாள். புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும். அவள் தாய் வீட்டில் பழகியதுதான். பல வருஷமாகக் கடை அரிசி வாங்கிப் பொங்கி அதை மறந்துவிட்டாள். சோறு குழைந்துவிட்டது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பரிமாறினாள். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் பிசைந்து சாப்பிட்டார். சித்தப்பா மட்டும் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.